தவளைக்கு டிரிப் ஏற்றிய கோடை

முழங்கால் தைலத்தின் பெயர்களை ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்ளும் வயதுக்கு வந்துவிட்ட என் பள்ளித் தோழிகளே, தோழர்களே! போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். என்னைவிட மூத்த ஒரு காருக்கு இந்தக் காலத்தில் எந்தப் பெட்ரோல் போடுவது? அவ்வளவுதான். ஒருவர் சாதாவே போதும் என்றார். இன்னொருவர் விலை கூடினதையே போடு, கிழவிக்குத் தெம்பு வேண்டாமா என்றார். கிழவி என்று அவர் சொன்னது காரைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஒருத்தி நீளமான வீடியோ ஒன்றை அனுப்பினாள், இந்தியில். மற்றொருவர் கேள்வியைப் படிக்காமலே ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். வந்த பதில்களில் மற்ற எதனோடும் முரண்படாதது அந்த ரோஜாப்பூ மட்டும்தான்.

கேள்வி அப்படியொன்றும் அற்பமானதில்லை. இப்போது பங்க்கில் ஊற்றும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் சாராயம். புது வண்டிகள் சின்ன வயதிலிருந்தே குடித்துப் பழகியவை. பழைய வண்டிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ரப்பர் குழாய்கள் ஊறி உப்பிவிடுகின்றன, டாங்க்கில் நீர் கோத்துக்கொள்கிறது, காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மறுக்கின்றன. குடிக்கிறவர்களுக்கு நேர்வதெல்லாம் நேர்கிறது.

தருமபுரி பங்க்கில் வேலை செய்யும் பெண் குழாயைக் கையில் பிடித்தபடி, "சாதாவாங்க, பவராங்க மேடம்?" என்று கேட்கிறாள். பின்னால் வரிசையில் ஹாரன் அடிக்கிறார்கள். தயங்கித் தயங்கியே வாழ்க்கையைத் தொலைத்த கதாநாயகர்கள் வரும் தடித்தடிப் புத்தகங்களை எல்லாம் படித்தவள் நான். அந்த நேரத்தில் ஒன்றும் உதவவில்லை.

ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. இதே காருக்கு என்ன ஊற்றுவது என்று எங்கள் வீடு மொத்தமும் கூடி உட்கார்ந்து மூளையைக் கசக்கிய ஒரு கோடை விடுமுறை. அதைச் சொல்கிறேன். தைலம் தேய்த்துக்கொண்டே கேளுங்கள்.

காரை வாங்கியவர் என் பெரியப்பா. இண்டூரில் விவசாயம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பெங்களூருக்குப் பஸ்ஸில் போனவர் காரில் திரும்பி வந்தார். அது அப்போதே பழைய கார். விற்ற மனிதருக்குக் கன்னடம் தவிர வேறு தெரியாது. பெரியப்பாவுக்குக் கன்னடம் தவிர மற்றதெல்லாம் சுமாராகத் தெரியும். எஞ்சின் எப்படி என்று கேட்டால் "சென்னாகிதே" என்றாராம். டயர் எப்படி? "சென்னாகிதே." பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்? "சென்னாகி குடியுத்தே." நன்றாகக் குடிக்கும் என்று அந்த நல்ல மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பெரியப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

உருண்டை முதுகு, துருத்திய விளக்குகள், அகன்ற வாய். கிணற்றடியில் இருந்த எண்ணெய் எஞ்சினுக்கு வாங்கி மிஞ்சிய பச்சைப் பெயிண்டைப் பெரியப்பா அதற்கு அடித்ததும் ஊர் அதற்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டது. திரும்பும்போது கதவோரத்திலிருந்து ஒரு சின்ன மஞ்சள் கை வெளியே நீளும். இன்றைய வண்டிகள் கண் சிமிட்டுகின்றன. தவளை மரியாதையாகக் கை காட்டும். சில நேரம் கை நீண்டபடியே சிக்கிக்கொள்ளும். நேராகப் போகும் வண்டி வழியெல்லாம் இடப்பக்கம் யாருக்கோ கை கொடுத்துக்கொண்டே போகும். உள்ளே வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை, பெரியப்பாவின் பீடி வாசனை, இவற்றோடு எந்நேரமும் ஒரு கோழி வாசனை. பின் சீட்டில் எங்கள் வீட்டுக் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருக்கும். பெரியம்மா அந்தக் காரில் கண்ட ஒரே பயன் அதுதான்.

வாசனை என்றதும் என் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்று அடுப்பில் பால் தீய்ந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால்தான் எனக்குத் தெரிகிறது. அன்று என் மூக்குக்குத் தனி மரியாதை இருந்தது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பது சகஜமாக இருந்த காலம். பெரியப்பா வாங்கிய பெட்ரோலில் விரலை நனைத்து என் மூக்கருகே நீட்டுவார். நான் கண்ணை மூடி, கச்சேரியில் ராகம் கண்டுபிடிக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கலந்திருக்குது பெரியப்பா" என்பேன். "பொட்டப்புள்ள மூக்குன்னா இதான்டா மூக்கு!" என்று ஊர் கேட்கச் சொல்வார். நான் சுத்தம் என்று சொன்னால்தான் அது டாங்க்குக்குள் போகும்.

அதோடு ஒரு பிடி பாச்சை உருண்டையும் போகும். அதைப் போட்டால் பெட்ரோலுக்கு வீரியம் கூடும் என்று யாரோ லாரி டிரைவர் சொல்லியிருந்தார். பெரியம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்த உருண்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அந்த வருடம் காருக்குள் ஒரு பூச்சி நுழையவில்லை. எல்லாம் புடவைக்குப் போய்விட்டன.

இப்போது அத்தைக்கு வருவோம். பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கை. தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளைப் புடவையில் பஸ் ஏறிப் போய், வெள்ளைப் புடவையிலேயே திரும்பி வருவாள். நடுவில் எத்தனை பேரை மிரட்டினாள் என்று சாப்பிடும்போது சொல்வாள். வேலைக்குப் போகும் பெண் என்பதாலேயே வந்த வரன்கள் திரும்பிப் போயின. வேலையை விட்டுவிடச் சொன்னார்கள். அத்தை வரனை விட்டுவிட்டாள்.

அந்தக் கோடையில் கம்பைநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. புளி மண்டிக்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமாவும்தான் பெண் பார்க்க வந்தார்கள். புளி வரத்து அதிகம், மண்டியை விட்டுவிட்டு வரமுடியவில்லை என்று மாப்பிள்ளை போட்டோவைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்ட கோட்டும், ஸ்டூடியோக்காரர் உண்டாக்கிய பீதியுமாக அதில் ஒருவர் நின்றார். வேலையைப் பற்றி அவர்கள் ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று பயம். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் காபியைக் குடித்துக்கொண்டே வேப்பமரத்தடியில் நின்ற தவளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்தியாடா தம்பி? அந்தம்மா கண்ணு கார விட்டு அங்க இங்க நகரல. கார் வெச்சிருக்கிற வூடுன்னுதான் வந்திருக்காங்க."

அடுத்தது வீடு பார்க்கப் போவது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். பிடித்திருந்தால் அங்கே சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பேர். கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் ஏதாவது சாக்குச் சொல்லித் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவார்கள். இதில் பெண் மட்டும் போகக் கூடாது.

அத்தை அன்று மாலை அம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டே, "நானும் வரட்டுங்களா அண்ணி?" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க. குடியிருக்கப் போறது நானு. வூடு பாக்கப் போறது நீங்களா?"

"எப்பிடி இருக்குதுன்னு வந்து சொல்றமில்ல?"

"வூட்டுக்கு எத்தனை ஜன்னலுன்னு வந்து சொல்லுவீங்க. வேலைக்குப் போகலாமா கூடாதான்னு அந்த ஆளு மூஞ்சியப் பாத்து யாரு கேப்பீங்க? ஒரே ஒரு கேள்வி அண்ணி. அத நான்தான் கேக்கணும். நீங்க கை நனைக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்."

அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்தான் காரணம் என்று அப்போது நினைத்தேன்.

நாள் குறித்த பிறகு பெட்ரோல் லாரிக்காரர்கள் ஸ்டிரைக் அறிவித்தார்கள். தருமபுரி பங்க்குகளில் கயிறு கட்டி, "ஸ்டாக் இல்லை" என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டார்கள். பஸ்கள் ஓடின. அப்பா பஸ்ஸில் போகலாம் என்றார்.

"கார் வெச்சிருக்கிற வூடு, பஸ்ல போயி டிக்கெட்டக் கையில புடிச்சுக்கிட்டு எறங்கறதா?" என்றார் பெரியப்பா. "அதெல்லாம் வேணாம். தவளைக்கு மண்ணெண்ணெய் ஊத்தறோம்."

அப்பா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவர். "அண்ணா, இது பம்புசெட்டு இல்லீங்க."

"எல்லாம் எஞ்சின்தான்டா."

தோழர்களே, நம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டுமே இந்த யோசனை வரும். நம் கிணற்றடி எஞ்சின்களை நினைத்துப் பாருங்கள். முதலில் கொஞ்சம் பெட்ரோல் காட்டிக் கயிறு சுற்றி இழுப்போம். படபடவென்று பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். அதன் பிறகு அது பொழுது சாயும்வரை மண்ணெண்ணெயிலேயே ஓடும். கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும் எஞ்சினுக்கு ஒத்துக்கொண்டது, ஆட்களைப் படுக்கைவசத்தில் இழுக்கும் எஞ்சினுக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது? இதுதான் பெரியப்பாவின் வாதம். அப்பா நடத்திய புத்தகத்தில் அந்தப் பாடம் இல்லை.

களத்தில் சோதனை நடந்தது. பெட்ரோல் காட்டிக் கிளப்பினால் தவளை மண்ணெண்ணெயில் ஓடவே செய்தது. பின்னால் திருவிழாவில் வேட்டு போட்டதுபோல வெண்புகை. ஆனால் மேடு வந்தால் திணறியது; நின்றால் நின்றதுதான், மறுபடி எழுப்பப் பெட்ரோல் வேண்டும். ஆகவே மண்ணெண்ணெய் டாங்க்கில். கிளப்பவும் மேட்டுக்கும் கொஞ்சம் பெட்ரோல் தனியாக. பெட்ரோலுக்கு அப்பாவின் மொபெட்டைக் கவிழ்த்தார்கள். தெருமுனைக்காரர் தன் ஸ்கூட்டரிலிருந்து உறிஞ்சிக் கொடுத்தார். நான் முகர்ந்து பார்த்து அதில் ஆயில் கலந்திருக்கிறது என்றேன். "ஸ்கூட்டர்னா ஆயில் கலந்துதான் இருக்கும். மூக்கு இருக்குது, மூளை இல்ல" என்றார் தெருமுனைக்காரர். அந்த ரசிகரை நான் மன்னிக்கவே இல்லை.

ஓடும் வண்டிக்கு அந்தப் பெட்ரோலை எப்படிக் கொடுப்பது? பெரியப்பா மண்டையைச் சொறிந்தார். டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தைதான் சாவகாசமாகச் சொன்னாள்:

"டிரிப் போடுங்க."

அந்தக் காலத்தில் குளுக்கோஸ், கண்ணாடி பாட்டிலில் வரும். காலி பாட்டில்கள் எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் நின்றுகொண்டிருக்கும். அத்தை ஒன்றைக் கழுவிக் காயவைத்தாள். பழைய ரப்பர் குழாய், சொட்டு விழும் சின்னக் கண்ணாடிக் குடுவை, குழாயை நெரிக்கும் கிளிப் எல்லாம் சேர்த்தாள். காலடிப் பலகையில் இருந்த ஓட்டை வழியாகக் குழாயை எஞ்சின் பக்கம் செலுத்தி, கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயோடு பெரியப்பா இணைத்தார். முன் சீட்டில் ஒருவர் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வேண்டும்போது கிளிப்பைத் திறந்தால் பெட்ரோல் இறங்கும்.

"நல்ல யோசனை புள்ள! நம்ம தம்பி புடிச்சுக்கட்டும்" என்றார் பெரியப்பா.

அத்தை முகத்தை ஆஸ்பத்திரி முகமாக மாற்றிக்கொண்டாள். "சின்னண்ணா புடிக்கலாம். ஆனா சொட்டு எண்ணி வுடோணுங்க. ரெண்டு சொட்டு அதிகமாப் போச்சுன்னா எஞ்சினுக்கு ஜன்னி கண்டுரும். கம்மியாப் போனா மயக்கம் போட்டுரும். எனக்கு அதுக்குன்னு டிரெய்னிங் குடுத்திருக்காங்க. சின்னண்ணாவுக்குக் குடுத்திருக்காங்களா?"

கொடுக்கவில்லை என்பதை அப்பா ஒத்துக்கொண்டார்.

"பொண்ணு எப்பிடிம்மா மாப்ள வூட்டுக்கு வர முடியும்? ஊரு என்ன பேசும்?" என்றார் பெரியப்பா.

"அப்ப நீங்களே சொட்டு எண்ணிக்கிட்டு, கியரும் போட்டுக்கிட்டு, பஸ்ஸுக்கு ஒதுங்கிக்கிட்டு ஓட்டிக்கங்க பெரியண்ணா. நான் வேணாங்கல."

பெரியப்பா வெகுநேரம் யோசித்தார். கடைசியில் முடிவானது: அத்தை வருவாள், முக்காடு போட்டுக்கொள்வாள், கம்பைநல்லூருக்கு வெளியே புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் நடந்து ஊருக்குள் போவார்கள், பெண் காரிலேயே இருப்பாள். கார் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றால் போதும், மதிப்புக்கு மதிப்பு.

புறப்பட்டோம். பெரியப்பா சக்கரத்தைப் பிடித்திருந்தார், உதட்டில் பற்றவைக்காத பீடி. பற்றவைத்தால் நான் இறங்கிவிடுவேன் என்று அத்தை சொல்லியிருந்தாள். பின் சீட்டில் அப்பா, அம்மா, பெரியம்மா, அவர்கள் மடிகளின்மேல் நான். கோழியை அன்றுதான் இறக்கிவிட்டிருந்தார்கள், முட்டைகளோடு. முன் சீட்டில் அத்தை, கல்யாண வீட்டில் குத்துவிளக்கைத் தூக்கிப் பிடிப்பதுபோல பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வெயில் படக்கூடாது என்று பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றியிருந்தாள். உதடு மட்டும் அசைந்து எண்ணிக்கொண்டே வந்தது. "முப்பத்தஞ்சு... முப்பத்தாறு..." பெரியப்பா அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஹாரன்கூட அடிக்கவில்லை.

தருமபுரியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. தவளை ஒருமுறை விக்கி நின்றுபோனது. சேலம் பக்கம் போகும் கூட்ஸ் வண்டி, ஒவ்வொரு பெட்டியாக எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, பாட்டிலையும் முக்காட்டையும் கண்டு பதறிப்போனார்.

"அய்யோ, யாருக்குங்க முடியல? ஆஸ்பத்திரி அந்தப் பக்கமில்லீங்க, இந்தப் பக்கம்!"

"வண்டிக்குத்தாங்க முடியல" என்றார் அப்பா, மிகுந்த துக்கத்தோடு. கேட் திறந்தது. அத்தை கிளிப்பைத் திறந்தாள். தவளை இருமி எழுந்தது. அந்த சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போகவே இல்லை. புகைக்குள் எங்கேயோ தங்கிவிட்டார்.

கம்பைநல்லூருக்கு வெளியே திட்டமிட்ட புளியமரம் வந்தது. பெரியப்பா காலைத் தளர்த்தினார்.

"நிறுத்தாதீங்கண்ணா! இங்க நிறுத்துனா திரும்பக் கிளப்பப் பெட்ரோல் தாங்காது. நேராப் போங்க!"

நர்ஸ் சொல்லைத் தட்ட முடியுமா? தவளை ஊருக்குள் நுழைந்தது. அப்புறம் நடந்ததை நான் எத்தனை முறை நினைத்துச் சிரித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வெண்புகை தெரு முழுக்க அடைத்துக்கொண்டது. "கொசு மருந்து வண்டி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். படபடவென்று கதவுகள், ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. ஒரு பெண் ஓடிவந்து குழம்புச் சட்டியை மூடினாள். தெருவில் காயப்போட்டிருந்த புளியின்மேல் சாக்குகளை இழுத்துப் போட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஊளையிட்டுக்கொண்டு புகைக்குள் பாய்ந்து எங்கள் பின்னால் ஓடிவந்தார்கள். மதிப்பாகப் போய் இறங்க வேண்டும் என்ற பெரியப்பாவின் ஆசைக்கு ஊரே கதவைச் சாத்தி வரவேற்புக் கொடுத்தது.

மண்டி வாசலில் தவளை தானாகவே நின்றது. இடப்பக்கக் கை மட்டும் நீண்டு, வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

புகைக்குள்ளிருந்து ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, முழங்கை வரை புளி. கோட்டும் பீதியும் இல்லாததால் யாரென்று எங்களுக்கு உடனே பிடிபடவில்லை. ஜன்னலுக்குள் பார்த்தார். முக்காடு நழுவி, பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி அத்தை.

"யாருக்குங்க டிரிப்பு?"

"வண்டிக்குங்க."

"பொழைக்குமா?"

"மாப்ள வூடு வரைக்கும் தாங்கும்னாங்க."

அவர் மடித்த வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டார். "வந்துட்டீங்க" என்றார்.

பெரியவர்களை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார்கள். பெண் காரிலேயே இருந்தாள். அதைப் பற்றி இரு தரப்பும், அவள் கண்ணுக்குத் தெரியாதவள்போல, நாகரிகமாகப் பேசாமல் இருந்தன. மாப்பிள்ளை எஞ்சினைப் பார்க்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது, தாய்மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறக்கும்வரை.

"காருங்களா அது? ஏதோ ஈர வெறகு வெச்ச அடுப்பு எந்திரிச்சு நடந்து வர்றாப்புல இருந்துச்சுங்க!"

கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன். அப்பா பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "தம்பி, கெளம்பறதுக்குப் பாரு. இன்னொரு நாளு பாத்துக்கலாம்." உள்ளே இலை நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, ஓடிப்போயி அத்தைகிட்ட பாட்டில்ல எவ்வளவு இருக்குதுன்னு கேட்டுட்டு வா. வண்டி கெளம்புமான்னு கேளு."

ஓடினேன். பானெட் திறந்திருந்தது. மாப்பிள்ளை ஒரு விசிறியால் எஞ்சினுக்கு விசிறிக்கொண்டிருந்தார். நான் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு அப்புறம் என் வேலைய வுடச் சொல்லுவீங்களா?" என்று அத்தை கேட்டாள். மிரட்டுகிற குரல் இல்லை. ஆஸ்பத்திரி முகமும் இல்லை.

"சொன்னா வுட்டுருவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்குங்க சொல்லிக்கிட்டு?" என்று சொல்லிவிட்டு விசிறியை வேகமாக வீசினார். எஞ்சின் எப்போதோ ஆறியிருந்தது.

நான் பெரியப்பாவின் கேள்வியைச் சொன்னேன். அத்தை பாட்டிலைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காலியாயிருச்சுன்னு போயிச் சொல்லு. ஒரு சொட்டு இல்ல, வண்டி கெளம்பாது."

நான் ஈரத்துணியை விலக்கினேன். "அத்தை, பாதிக்குமேல இருக்குதே!"

"அது பெட்ரோல் இல்ல. கசடு."

முகர்ந்தேன். சுத்தமான பெட்ரோல், தெருமுனைக்காரரின் ஆயிலோடு. என் மூக்கின் மேல் விழுந்த முதல் களங்கம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கசடு இல்ல அத்தை, நெசமாலுமே..."

"மூக்க மூக்கு எடத்துல வெச்சுக்கிட்டுச் சொன்னதச் சொல்லு புள்ள!"

மாப்பிள்ளை பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. நான் போய்ச் சொன்னதைச் சொன்னேன். வண்டி கிளம்பாது என்றால் பெரியப்பா என்ன செய்ய முடியும்? சாப்பாட்டு நேரம், போட்ட இலை, எழுந்து எங்கே போவது? "செரி, வேற வழியில்ல" என்று உட்கார்ந்தார். கை நனைத்தார். இரண்டாவது முறை பாயசம் வந்தபோது தாய்மாமாவுக்குத் தவளையின் வரலாற்றைப் பெங்களூரிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொழுது இறங்கும்போது அத்தை கிளிப்பைத் திறந்து, "ஒருக்கா முயற்சி பண்ணுங்கண்ணா" என்றாள். தவளை உடனே எழுந்தது.

"காலின்னியே?"

"அடியில கசடு கெடந்துச்சுங்கண்ணா. அதுலயே புடிச்சுக்கிச்சு."

பெரியப்பா எங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பெருமையை நான் ஒரு மனித முகத்தில் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. "பாத்தியாடா தம்பி? கசடுலயே ஓடற வண்டிடா இது!" கடைசிக் காலம்வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பிறகு தவளை என்னிடம் வந்தது. அந்த மஞ்சள் கை எங்கேயோ விழுந்துவிட்டது. பச்சைப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. போன மாதம் பெட்ரோல் பம்ப் கெட்டுப்போய் மெக்கானிக்கிடம் விட்டேன். வேலையைவிட அதை வீடியோ எடுத்துப் போடுவதில் ஆர்வமுள்ள இளைஞர். பம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினை ஓட்டிப் பார்க்க ஒரு குடிதண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, பானெட்டில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, குழாயை கார்ப்பரேட்டரில் சொருகினார். எஞ்சின் ஓடியது. அவர் டீ குடிக்கக் கிளம்பினார்.

நான் பதறினேன். "தம்பி, யாராவது புடிச்சுக்க வேணாமா? சொட்டு எண்ணி வுட வேணாமா?"

"சொட்டா?" அவர் என்னை வீடியோ எடுக்கலாமா என்று யோசிப்பதுபோலப் பார்த்தார். "உள்ள ஃப்ளோட்டு இருக்குதுங்க மேடம். வேணுங்கறத அதுவே எடுத்துக்கும், ரொம்புனா அதுவே அடைச்சுக்கும். சும்மா தொங்க வுட்டா போதும்."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நான் எத்தனை படித்தவள் என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடம் இது எனக்கு உறைக்கவில்லை. கம்பைநல்லூருக்கு ஃபோன் போட்டேன்.

"அத்தை, அந்தப் பாட்டில ஜன்னல் கம்பியில மாட்டியிருந்தாவே போதுமாம்."

"இப்பத்தான் கண்டுபுடிச்சியா? ஏன் மாட்டாம கையில புடிச்சிருக்கீங்கன்னு உங்க மாமா அன்னிக்கே கேட்டாரு."

"வழியெல்லாம் சொட்டு எண்ணிக்கிட்டு வந்தீங்களே!"

"சொட்டா? ரோட்டோரத்துப் புளியமரத்த எண்ணிக்கிட்டு வந்தேன். பொழுது போகணுமில்ல?"

சிரித்து முடிக்க எங்கள் இருவருக்கும் நேரமாயிற்று. பெண் பார்க்க வந்த அன்று மாமியார் காரையே பார்த்துக்கொண்டிருந்தாரே என்று கேட்டேன். "கார யாரு பாத்தாங்க? பின் சீட்டுல கோழி அடகாத்துக்கிட்டிருந்ததப் பாத்தாங்க. எத்தனை முட்டை வெச்சிருக்குதுன்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சாம்" என்றாள்.

பெட்ரோல் விஷயத்துக்கு மெக்கானிக் சொன்ன தீர்ப்பு இதுதான், குழு அன்பர்கள் குறித்துக்கொள்ளவும்: பழைய ரப்பர் குழாய்களைக் கழற்றிவிட்டு எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்கள் போட வேண்டும், கிழ எஞ்சினுக்கு விலை கூடின பெட்ரோலால் ஒரு லாபமும் இல்லை, ஆனால் ஊற்றிவிட்டுச் சும்மா நிறுத்தக் கூடாது, அடிக்கடி ஓட்டித் தீர்த்துவிட வேண்டும். ஆகவே இப்போது அடிக்கடி கம்பைநல்லூர் போகிறேன். அத்தையும் மாமாவும் ஏறிக்கொள்கிறார்கள். அத்தை முன் சீட்டில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல காலமாகியும் கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், மடியில் வைக்காமல் கொஞ்சம் உயர்த்தியே பிடித்திருப்பாள்.

நேற்று பங்க்கில் அதே பெண். "சாதாவாங்க, பவராங்க?"

"சாதா" என்றேன், தயங்காமல்.

ஊற்றிக்கொண்டே தவளையைச் சுற்றிப் பார்த்தாள். "அழகா இருக்குதுங்க. எவ்வளவு மைலேஜ் தருதுங்க இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"எங்க பெரியண்ணன் வண்டி கண்ணு இது. கம்பைநல்லூர்ல இருந்து இண்டூர் வரைக்கும் வெறும் கசடுலயே வந்துச்சு" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.

பின் சீட்டில் மாமா இருமினார். புகை ஒன்றும் இல்லை.